சுவருக்குக் காப்பீடு உண்டு, சேரிக்கு?

மழைவெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் இது கிட்டத்தட்ட ஒரு முழக்கமாகவே இருந்தது. பங்களாக்காரரும் குடிசைக்காரரும் ஒரே மீட்புப் படகில் ஏறியதைப் பார்த்து எல்லோரும் நெகிழ்ந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்த இருவரும் எந்தெந்தத் திசையில் நடந்தார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. வெள்ளத்துக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்கும் நோட்டுக்குச் சாதி நன்றாகத் தெரியும்.

சேதத்தை எழுத இந்த நாட்டில் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று, காப்பீட்டு நிறுவனத்தின் நோட்டு. அதில் பாலிசி எண் இருக்கும், தொகை இருக்கும், மதிப்பிட வந்த சர்வேயரின் கையொப்பம் இருக்கும். மற்றொன்று, வி.ஏ.ஓ. எழுதும் நோட்டு. அதில் குடும்ப அட்டை எண்ணும், பகுதிச் சேதமா முழுச் சேதமா என்ற கேள்வியும் இருக்கும். முதல் நோட்டில் பெயர் உள்ளவர் பணத்தைக் கேட்கிறார். இரண்டாவது நோட்டில் பெயர் உள்ளவர் பணத்துக்காகக் காத்திருக்கிறார். நம் பெயர் எந்த நோட்டில் ஏறும் என்பதை நம்முடைய வருமானம் மட்டும் முடிவு செய்வதில்லை. வீடு நிற்கும் இடம், அந்த இடத்துக்கான காகிதம், சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பது, இந்த மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் நம் ஊர்களில் யார் தீர்மானித்தார்கள் என்பதைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக் காப்பீடு என்றதும், அது லோன் போட்டு அபார்ட்மெண்ட் வாங்கியவர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். நிலம், இடஒதுக்கீடு, கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். ஒழுகும் கூரையையும் ஊறிய சுவரையும் மட்டும் விதியின் கணக்கிலோ வறுமையின் கணக்கிலோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றை உரிமையின் கணக்கில் எழுத வேண்டிய காலம் இது.

பாலிசி என்ன சொல்கிறது?

முதலில் பாலிசியைப் பார்த்துவிடுவோம். 2021 ஏப்ரல் 1 முதல் நாட்டின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முன்பு நிறுவனத்துக்கு ஒரு விதி, பாலிசிக்கு ஒரு நிபந்தனை என்று இருந்தது. இப்போது அடிப்படை விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது.

நேர்மையாகச் சொன்னால் இது மோசமான பாலிசி அல்ல. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிந்து ஏற்படும் சேதமும் இதில் அடங்கும். வீட்டின் பரப்பளவைக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். அதில் 20 விழுக்காடு அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் காப்பீடு தானாகவே சேர்ந்துவிடும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு இடத்தில் தங்குவதற்கான வாடகையும், இடிபாடுகளை அள்ளுவதற்கான செலவும்கூடக் கிடைக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர் தன் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கவும் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. நகரங்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பாலிசியில் 'வீடு' என்பதற்கான விளக்கம் தாராளமானது. கார் நிறுத்தும் இடம், வேலி, கேட், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் வீட்டின் பகுதிகள். சுற்றுச்சுவரும் மண் சரியாமல் தாங்கும் சுவரும்கூட அதில் உண்டு. இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

மூன்று வாசல்கள்

இவ்வளவு தாராளமான வீட்டுக்குள் நுழைய மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்.

முதல் வாசல், கட்டுமானம். காப்பீட்டு ஆவணங்களில் 'கச்சா' கட்டுமானம் என்று தனியாக ஒரு வகை உண்டு. மரப்பலகை, ஓலை, வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக், துணி, தார்ப்பாய் போன்றவற்றால் ஆன சுவரோ கூரையோ இருந்தால் அந்த வீடு அந்த வகையில் விழும். விழுந்தால் கட்டணம் கூடும், அல்லது முகவர் விண்ணப்பத்தைக் கையிலேயே வாங்கமாட்டார். 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத தமிழ்நாட்டை உருவாக்குவோம் என்று மாநில அரசே அறிவித்திருக்கிறது. அந்த எண்ணைத் திருப்பிப் படித்தால், லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்னும் ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் கீழேதான் வாழ்கின்றன என்று பொருள். முதலில் நனையும் வீடு எதுவோ அதுவே முதலில் ஒதுக்கப்படும் வீடாகவும் இருக்கிறது.

இரண்டாம் வாசல், காகிதம். வீடு யாருடையது என்று காட்ட வேண்டும். சேரி மக்கள் கையில் காகிதம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1892-ல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று எவர் பெயர்களில் இருக்கின்றன என்பதைப் பார்த்தாலே காகிதத்தின் சாதி விளங்கிவிடும். ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் மூன்று தலைமுறையாக வாழ்பவர் அரசுக் கணக்கில் புறம்போக்கு ஆக்கிரமிப்பாளர். வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு பெற்றவர்களில் பலருக்கு விற்பனைப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை.

மூன்றாம் வாசல், நேரம். காப்பீடு திடீரென்று நேரும் நிகழ்வுக்குத்தான் பணம் தரும். புயல் ஓர் இரவில் கூரையைப் பிய்த்தால் அது நிகழ்வு. இருபது ஆண்டுகளாக மழைநீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, காரையைப் பெயர்த்தால் அது நிகழ்வு அல்ல. அதற்குப் பெயர் தேய்மானம். அதற்குப் பணம் இல்லை.

இந்த மூன்றாவது வாசலில் நானே நின்றிருக்கிறேன். தஞ்சைப் பக்கத்தில் என் அம்மா இருப்பது 1990-களில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே ஒழுகத் தொடங்கிய வீடு அது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கூரையில் விரிசல் பெரிதானது. சென்னையில் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் அந்த வீட்டுக்கு ஒரு காப்பீடு எடுத்துவிடலாம் என்று ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு முகவரிடம் போனேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். தெருப் பெயரைக் கேட்டார். சொன்னதும், "காலனி வீடா தம்பி?" என்றார். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருந்தது. வீட்டு வரி ரசீதைக் காட்டினேன். கட்டிய ஆண்டைப் பார்த்தார். "ஒழுகுறதுக்கெல்லாம் கிளெய்ம் கிடையாது. புயல்ல விழுந்தா பாக்கலாம். அதுவும் பழைய கட்டடம்னு சர்வேயர் எழுதிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஏன் உங்க காசை வீணாக்கிக்கிட்டு?" என்றார். அவர் பேச்சில் ஏளனம் எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த தொழிலைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மாவிடம் வந்து சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "விழுந்தாத்தான் குடுப்பாங்கன்னா, விழுந்தப்புறம் வாங்குறதுக்கு யாரு இருப்பா?"

அந்தக் கேள்விக்குப் பாலிசியில் பதில் இல்லை. தொகுப்பு வீடு ஒழுகுவது தேய்மானம் என்று எழுதுவதே ஒரு பொய். தரம் குறைந்த மணலையும் சிமெண்டையும் வைத்துக் கட்டியவர் ஒப்பந்தக்காரர். அதற்குக் கையெழுத்துப் போட்டவர் அதிகாரி. 'காலனிக்காரனுக்கு இது போதும்' என்று நினைத்தது அவர்களுக்குப் பின்னால் நின்ற சமூகம். கூரையில் இறங்கிய தண்ணீர் அந்த நினைப்பின் வழியாகத்தான் இறங்கியது.

தண்ணீர் யார் வீட்டுக்கு வழி கேட்கிறது?

ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பதைத் தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். ஊரில் பெய்யும் மழைக்கும் வடிய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் நாம் இருக்கிறோம். இதோடு சாலையும் சேர்ந்துகொண்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தாரைக் கொட்டிக்கொட்டி, தெருவை வீட்டைவிட உயரமாக்கிவிட்டார்கள். 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. வசதியுள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொள்கிறார். முடியாதவர் வாசலில் இரண்டு வரி செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டுகிறார்.

நகரத்தில் இதே வேலையை அரசு திட்டம் போட்டுச் செய்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றே குறிப்பிட்டது. பேரிடரை ஏற்படுத்திய மனிதர்கள் யாரும் இடம் மாற்றப்படவில்லை. அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்கள்தான் பாதுகாப்பு என்ற பெயரில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி இருக்கிறது. தென்சென்னையின் மழைநீர் வந்து சேரும் இடம் அது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பின் ஓரத்தில் குடிவைத்தார்கள். பக்கத்தில் செம்மஞ்சேரிக் குடியிருப்பில் பலத்த மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்பது வழக்கமான செய்தியாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதிகள்தான் மிதந்தன.

மாடிக் குடியிருப்பு என்பதால் தண்ணீர் எட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய வாரியக் குடியிருப்பின் பூச்சைக் கையால் தொட்டாலே உதிர்ந்ததை நாம் காணொலியில் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் கட்டடம் ஒன்று 24 வீடுகளோடு அப்படியே சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் தாங்களாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. டிவி, பீரோ, பள்ளிச் சான்றிதழ், மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பாத்திரம் எல்லாம் அந்த ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அரசின் கணக்கு.

நடூர்

இப்போது சுவருக்கு வருவோம்.

2019 டிசம்பர் 2 விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் தலித் குடியிருப்பின் மேல் சரிந்தது. சுமார் 20 அடி உயரச் சுவர். தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். நம்மைப் பார்க்காமல் இருப்பதற்காகவே எழுப்பிய தீண்டாமைச் சுவர் அது என்று அந்த மக்கள் சொன்னார்கள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டதாகவும் சொன்னார்கள். நீதி கேட்டுப் போராடியவர்கள் மீது தடியடி நடத்திக் கைது செய்தது காவல்துறை.

அந்தச் சுவருக்குக் காப்பீடு இருந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. இன்றைய விதிகள் என்ன சொல்கின்றன என்பதுதான் கேள்வி. பங்களாவின் சுற்றுச்சுவர் வெள்ளத்தில் விழுந்தால், சுவரைத் திரும்பக் கட்ட வீட்டுக் காப்பீட்டில் பணம் கேட்கலாம். அந்தச் சுவருக்கு அடியில் நசுங்கியவர்களுக்கு அதே பாலிசியில் ஒரு ரூபாய் கிடையாது. பாலிசி உடைமையாளரின் நட்டத்தை மட்டுமே பார்க்கும். சுவர் விழுந்தால் சுவருக்கு நட்டம், அவ்வளவுதான்.

ஒரு ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். நம் வண்டியால் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தீங்கு நேரலாம் என்று சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கும் 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அதையே சொல்கிறது. போபாலுக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஆனால் 20 அடிச் சுவரை ஒரு குடியிருப்பின் தலைமேல் எழுப்புவதற்கு எந்தக் காப்பீடும் கட்டாயமில்லை. 17 உயிர்கள் போன பிறகும் சட்டம் அப்படி யோசிக்கவில்லை. யாருடைய உயிரை 'மூன்றாம் நபர்' என்றாவது எண்ணுகிறார்கள், யாருடைய உயிரை எண்ணுவதே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எட்டாயிரம் ரூபாய் வீடு

காப்பீடு இல்லாவிட்டால் என்ன, அரசு நிவாரணம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் விலைப்பட்டியலையும் பார்ப்போம். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். இரண்டுமே ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கிய இடம். ஆனால் ஒன்றின் மதிப்பு மற்றொன்றைவிடப் பதினைந்து மடங்கு. துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரங்களுக்கு 2,500 ரூபாய். இதில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். புறம்போக்கில் இருப்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்?

மாநில அரசுகள் தங்கள் பங்குக்கு அவ்வப்போது தொகை அறிவிக்கின்றன. 2015-ல் குடிசைகளுக்கு 10,000 ரூபாய், மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய். 2023-ல் மிக்ஜாமுக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக. அந்தப் பணம் பல வீடுகளில் அடுப்பு எரிய உதவியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதை ஒவ்வொரு முறையும் ஆட்சியில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 2015-ல் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டியதை இந்த நாடே பார்த்தது. உரிமையின்மேல் யாரும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. கருணையின்மேல்தான் ஒட்ட முடியும்.

கருணை வரிசையிலும் சாதி நிற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகைப் பகுதி முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு இழந்தவருக்குப் பட்டியலில் இடம் இருந்தது. படகில் கூலிக்குப் போனவருக்கும், மீனை வாங்கிச் சுமந்து விற்றவருக்கும், அலையால் உப்பேறிய வயலில் கூலி வேலை பார்த்தவருக்கும் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. இழப்பதற்குச் சொத்து இல்லாதவருக்கு இழப்பே இல்லை என்றுதான் இரண்டு நோட்டுகளும் சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. 2015 வெள்ளம் வடிந்ததும் சென்னையின் சேற்றையும் குப்பையையும் அள்ள மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டிகளில் ஏற்றிவந்தார்கள். பலரின் கைகளில் உறை இல்லை. இடிபாடு அகற்றும் செலவைப் பாலிசியில் கேட்க முடியும். இடிபாட்டை அகற்றியவரின் சொந்த வீடு அந்த மழையில் என்னவானது என்று கேட்க எந்தப் படிவமும் இல்லை.

அம்பேத்கர் கேட்ட காப்பீடு

காப்பீடு முதலாளித்துவ வியாபாரம், அதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று சில தோழர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு 1947-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அரசமைப்புச் சட்டம் எழுதப்படும் முன்பே அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், காப்பீடு முழுக்க அரசின் வசமே இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு வயதுவந்த குடிமகனும் தன் ஊதியத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றும் சொன்னார். நிலத்தையும் முக்கியத் தொழில்களையும் அரசுடைமையாக்கக் கோரிய அதே பகுதியில்தான் காப்பீடும் வருகிறது. தனிமனிதருக்குக் கூடுதல் பாதுகாப்பு, அரசுக்குத் திட்டமிட நிதி என்பது அவர் சொன்ன காரணம். காப்பீடு அவருக்கு வணிகப் பொருளாகத் தெரியவில்லை. தனியாகத் தாங்க முடியாத இழப்பை எல்லோருமாகத் தாங்கும் ஏற்பாடாகத் தெரிந்தது. சாதி, இழப்பை ஒரு பக்கமாகத் தள்ளும் ஏற்பாடு. காப்பீடு, இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்த முடியும் என்று அவர் பார்த்தார்.

அரசு பிரீமியம் கட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக இருப்பதில், ஏழைக் குடும்பங்களுக்கான பிரீமியத்தை அரசுதான் கட்டுகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குறுவைப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது 2 விழுக்காடுதான். மீதிப் பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. உடலுக்கு அரசு பிரீமியம் கட்டுகிறது, பயிருக்குக் கட்டுகிறது. வீட்டுக்கு ஏன் கட்டக் கூடாது?

பயிர்க் காப்பீடு ஒரு பாடமும் கற்றுத்தந்திருக்கிறது. குத்தகைக்கு உழுபவரும் சேரலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் குத்தகைக்கு எழுத்து இல்லாதபோது அடங்கலும் சான்றும் நில உடைமையாளர் பக்கமே போய்விடுகின்றன. எனவே நாம் கேட்கும் காப்பீடு, யாருக்குச் சொந்தம் என்று கேட்காமல் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அபாயம் அதிகமான இடத்துக்குப் பிரீமியம் அதிகம் என்பது காப்பீட்டின் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே விட்டால், பள்ளத்தில் தள்ளப்பட்டவரே பள்ளத்தில் இருப்பதற்கான கட்டணத்தையும் கட்ட வேண்டிவரும். பள்ளத்தில் குடிவைத்தவர்தான் அதைக் கட்ட வேண்டும். காப்பீடு கொடுத்துவிட்டோம், இனி சதுப்பிலேயே இருங்கள் என்று சொல்லவும் அரசுக்கு வாய்ப்புத் தரக் கூடாது.

என்ன கேட்பது?

முதலாவது, சேரி, காலனி, வாரியக் குடியிருப்பு, புறம்போக்கு என்று பாராமல், குடும்ப அட்டை உள்ள எல்லா எளிய வீடுகளுக்கும் அரசே பிரீமியம் கட்டும் வெள்ள, புயல் காப்பீடு வேண்டும். நாகாலாந்து அரசு, பெய்யும் மழையின் அளவை வைத்தே தொகை கிடைக்கும் காப்பீட்டை மாநிலத்துக்காக எடுத்திருக்கிறது. மழைமானி காட்டும் அளவு எல்லையைத் தாண்டினால் பணம் வரும். அதே முறையைக் குடும்பங்கள் வரை கொண்டுவந்தால் சர்வேயர் எந்தத் தெருவுக்குள் நுழைவார், எந்தத் தெருவுக்குள் நுழையமாட்டார் என்ற கேள்வி எழாது. மழைமானிக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது.

இரண்டாவது, தொகுப்பு வீடும் வாரியக் குடியிருப்பும் ஒழுகினால் அது தேய்மானம் அல்ல, கட்டியவரின் பொறுப்பு என்று ஏற்க வேண்டும். உறுதித்தன்மைச் சோதனை அறிக்கைகளைக் குடியிருப்போர் கையில் தர வேண்டும்.

மூன்றாவது, குடிசைக்கு 8,000 ரூபாய் என்ற விலையும், அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்ற நிபந்தனையும் நிவாரண விதிகளிலிருந்து நீங்க வேண்டும்.

நான்காவது, குடியிருப்புகளை ஒட்டி உயரமான சுவர் எழுப்புவோருக்கு மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். தீண்டாமைச் சுவர் இடிக்கப்பட வேண்டியது. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அது இடிக்கப்படும் நாள்வரை அதற்குக் கீழே தூங்குபவர்களின் உயிருக்குச் சுவர்க்காரர் பொறுப்பேற்கட்டும்.

இவை சட்டமன்றத்துக்குப் போகும் முன்பு ஊரில் தொடங்க வேண்டியவை. சேதத்தைப் பதிவு செய்யாத சமூகத்துக்குச் சேதம் நேர்ந்ததற்கே ஆதாரம் இருக்காது. மழைக்கு முன்பு ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை, நம் தெருவின் ஒவ்வொரு கூரையையும் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளந்து எழுதுங்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் நகலைக் கைபேசியிலும் நம்பகமான ஒருவரிடமும் வைத்திருங்கள். எந்த வீட்டுக் காப்பீடும் நனைந்துபோன காகிதத்துக்குப் பணம் தராது. வி.ஏ.ஓ. எடுத்த சேதக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நாம் எடுத்த கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் விடுபட்ட வீடுகளின் பட்டியலே நம் போராட்டத்தின் முதல் ஆவணம்.

தமிழ்நாட்டில் நவம்பர் 1 அன்று கிராம சபை கூடுகிறது. பருவமழை பெய்துகொண்டிருக்கும் நேரம் அது. காலனியில் எத்தனை வீடுகள் ஒழுகுகின்றன, எத்தனை சுவர்கள் ஊறியிருக்கின்றன, எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்ற எண்ணிக்கையோடு போங்கள். அந்த எண்கள் தீர்மானப் புத்தகத்தில் மையால் எழுதப்பட்டு, தலைவரின் கையொப்பம் விழும்வரை எழுந்து வராதீர்கள்.